காவிரியின் தலையில் என் கால்

அடுத்தவர்களுக்கு ஒழுங்கு சொல்லியே வளர்ந்தவர்களிடம் ஒரு பெரிய ஆபத்து உண்டு. அவர்கள் தப்புச் செய்தாலும் தயங்கித் தயங்கிச் செய்ய மாட்டார்கள். சத்தமாக, முழு நம்பிக்கையோடு, பக்கத்தில் நிற்பவரையும் சேர்த்துக்கொண்டு செய்வார்கள். இதை நான் எந்தப் புத்தகத்திலும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் சொந்தக் கால்கள் கற்றுக்கொடுத்த பாடம்.

நான் பிறந்தது, கரும்புத் தோட்ட வேலைக்காகத் தமிழர்கள் கப்பலேறிப் போன ஒரு தீவில், பாம்பூ கிராமத்தில். சுற்றிலும் கரும்புக் காடு, காலெல்லாம் செம்மண். அதனால் எங்கள் தீவில் எந்தக் கோவிலுக்குப் போனாலும் வாசலில் ஒரு சின்னச் சிமெண்டுத் தொட்டி இருக்கும். வயலிலிருந்து நேராக வருகிறவர்கள் அதில் கால் கழுவிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பாம்பூ கோவிலின் சாவி என் அப்பாவிடம் இருந்தது. சாவி அப்பாவிடம் இருந்தால் அதிகாரம் மகளிடம் இருப்பதுதானே நியாயம்? எட்டு வயதிலேயே அந்தத் தொட்டிக்கு நான் காவல்காரியாகிவிட்டேன். (யாரும் நியமிக்கவில்லை. சம்பளமும் கிடையாது.) "கால் கழுவியாச்சா? குதிகால்? விரல் இடுக்கு?" என்று கேட்டுக் கேட்டு ஊரையே விரட்டினேன். ஒரு தைப்பூசத்துக்குக் காவடி பார்க்க வந்த ஆலைத் துரையைக்கூட நான் விடவில்லை. தொட்டியைச் சுட்டிக்காட்டினேன். பாவம், மனிதர் காலுறையைக் கழற்றிவிட்டு, பால் போல வெள்ளையான இரண்டு பாதங்களையும் பயபக்தியோடு நனைத்துக்கொண்டு போனார்.

அப்படிப்பட்ட என்னைக் கான் தெ மாஸ்க் என்ற ஊரில் கட்டிக்கொடுத்தார்கள். கணவர் சாமினாதேன் சர்க்கரை ஆலையில் குமாஸ்தா. "பெண் பார்க்கப் போனபோது அவள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை, காலைத்தான் பார்த்தாள்" என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறார். (பொய். முகத்தையும் பார்த்தேன். கால் சுத்தமாக இருந்ததால்தான் மேலே பார்த்தேன்.)

எங்களுக்குக் கல்யாணமான வருஷம் கான் தெ மாஸ்க்கில் புதுக் கோவிலுக்குக் கும்பாபிஷேகம் நிச்சயித்திருந்தார்கள். தீவில் அப்போது பிரிட்டிஷ் கொடிதான் பறந்துகொண்டிருந்தது. சுதந்திரம் பற்றித் தலைநகர் போர்ட் லூயிஸில் கூட்டம் கூட்டமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊரில் அதைவிடப் பெரிய விவாதம், அபிஷேகத்துக்கு எந்த ஆற்றுத் தண்ணீர் என்பது. கமிட்டித் தலைவர் சர்தார் வேலாயுதேன், போர்ட் லூயிஸ் வியாபாரி ஒருவர் மூலமாகக் கங்கைத் தண்ணீர் வரவழைத்துவிடலாம் என்றார். சர்தார் என்றால் எங்கள் பக்கம் கரும்புத் தோட்டத்து மேஸ்திரி. வயலில் அவர் சொன்னால் முப்பது பேர் குனிவார்கள், முப்பது பேர் நிமிர்வார்கள். கோவிலிலும் அப்படித்தான் நடக்கும் என்று நினைத்திருந்தார்.

அந்தக் கூட்டத்தில் என் மாமியார் எழுந்து நின்றார்.

மாமி விதவை. நாலு பிள்ளைகளைக் காய்கறித் தோட்டம் போட்டே வளர்த்தவர். அதிகம் பேசமாட்டார். பேசினால் திரும்ப எடுக்கமாட்டார். "நம்ம ஆளுங்க கப்பல் ஏறினது காவேரிக் கரையிலேருந்து. நம்ம சாமிக்குக் காவேரித் தண்ணிதான். அதுவும் நடுவுல பிடிச்சது வேணாம், பொறக்குற இடத்துலேருந்து வேணும். நான் போய்க் கொண்டாரேன்" என்றார்.

சர்தார் சிரித்தார். "கொண்டாரலன்னா?"

"கொண்டாரலன்னா இந்தக் கோவில் வாசப்படி மிதிக்கமாட்டேன்."

ஊரே கேட்டுக்கொண்டிருந்தது. இதற்கு மேல் சொல்ல என்ன இருக்கிறது? கரும்பு வெட்டு முடிந்து ஆலை மூடியிருக்கும் மாதங்களில் கணவருக்கு லீவு கிடைத்தது. ஒரு புதுச் செப்புக் குடத்தோடு மாமி, அவர், நான் மூன்று பேரும் கப்பலேறினோம்.

(இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் பேசுவது கிரியோல். மாமி பேசியதையும் நான் பேசியதையும் தமிழாக்கித்தான் எழுதுகிறேன். அங்கங்கே ஒட்டிக்கொண்டு, தமிழுக்கு வராமல் அடம்பிடிக்கும் கிரியோல் சொற்களை அப்படியே விட்டிருக்கிறேன். எங்களிடம் அன்று இருந்த தமிழெல்லாம் தேவாரமும் திருப்புகழும்தான். தனுஷ்கோடியில் இறங்கியதும் என் கணவர் ஒரு போர்ட்டரைக் கூப்பிட்டு, "ஐயனே, அடியேனுக்கு வண்டி காட்டி அருள்வாய்" என்றார். அந்த ஆள் மூட்டையைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டார்.)

ராமேஸ்வரம், மதுரை, ஸ்ரீரங்கம் என்று கோவில் கோவிலாகப் போனோம். கோபுரங்களைப் பார்த்து மாமி கண் கலங்கினார். நானும் கலங்கினேன், ஆனால் வேறு காரணத்துக்காக. இவ்வளவு பெரிய கோவில்களில் எங்கேயும் எங்கள் ஊர்த் தொட்டி இல்லை! ஒரு மூலையில் ஒரு குழாய் இருக்கும், அதையும் யாரும் சட்டை செய்வதில்லை. ஜனங்கள் தெருப் புழுதியோடு அப்படியே உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். மீனாட்சியம்மன் சன்னதியில் எனக்கு முன்னால் நின்ற ஒரு பெரிய மனிதரின் குதிகாலைப் பார்த்துப் பார்த்து அம்மனைப் பார்க்க மறந்துவிட்டேன்.

"இவ்ளோ பெரிய ராஜாங்க கட்டின கோவில்ல ஒரு தொட்டி கட்ட ஆள் இல்லியா மாமி?"

"மோ திஃபி," என்றார் மாமி. எங்கள் கிரியோலில் அது 'என் பெண்ணே' என்று கூப்பிடுவது. மாமி என்னை அப்படித்தான் கூப்பிடுவார். "சாமி மேலே இருக்கு. நீ ஏன் கீழேயே பார்க்கிற?"

திருச்சியில் பாலத்தின் மேலிருந்து காவிரியைப் பார்த்தோம். எங்கள் தீவின் ஆறுகள் எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் அந்த அகலம் வராது. "இங்கேயே இப்படின்னா, பொறக்குற இடத்துல எப்படிக் கொட்டும்!" என்றார் கணவர். அன்று முதல் எங்கள் மூன்று பேர் மனதிலும் ஒரு பெரிய மலைக்குகை, அதிலிருந்து இடி மாதிரி சத்தத்தோடு வெள்ளம். கிட்டே போக முடியுமா, குடம் அடித்துக்கொண்டு போய்விடுமா என்று மாமி கவலைப்பட ஆரம்பித்தார். கணவர் குடத்துக்கு ஒரு கயிறு வாங்கினார்.

மைசூர் போய், அங்கிருந்து குடகு போனோம். மடிகேரியிலிருந்து பாகமண்டலத்துக்குப் போகும் பஸ்ஸில் பழனிச்சாமி என்பவர் பழக்கமானார். கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆள், காப்பித் தோட்டத்தில் கணக்கு எழுதுகிறவர், கன்னடம் நன்றாகத் தெரியும். அவருக்கும் தலைக்காவிரியில் ஒரு வேண்டுதல். எங்கள் தேவாரத் தமிழைக் கேட்டு முதலில் பயந்தார். பிறகு, "நானுந் தானுங்க போறேன், சேந்தே போலாமுங்க" என்றார்.

மறுநாள் விடியற்காலையில் மலையேறினோம். முந்தைய நாள் கோடை மழை கொட்டியிருந்தது. பாதை முழுக்கச் சேறு. பாதி வழியில் கணவரின் செருப்பு வார் அறுந்துபோனது. அவரும் பழனிச்சாமியும் உட்கார்ந்து அதைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். "நாங்க முன்னாடி போறோம்" என்று நானும் மாமியும் நடந்தோம். காவிரி பிறப்பதை முதலில் பார்க்கிற அவசரம் எங்களுக்கு.

மேலே போனால் இடியும் இல்லை, வெள்ளமும் இல்லை. மூடுபனி. ஒரு சின்னக் கோவில். கல் படி வைத்த ஒரு குளம். குளத்துக்கு மேலே, சின்னதொரு சன்னதிக்கு நேர் முன்னால், சதுரமாக ஒரு கல் தொட்டி. இரண்டு பேர் சேர்ந்து நின்றால் நிறைந்துவிடும். உள்ளே கண்ணாடி போலத் தண்ணீர். மேலே நாலு பூவிதழ்கள் மிதந்தன.

எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன்! ராமேஸ்வரத்திலிருந்து நான் தேடித் தேடி வந்த பொருள் அது. சன்னதி வாசல், தொட்டி, தண்ணீர். எல்லாம் எங்கள் ஊர் ஒழுங்கு.

"பாருங்க மாமி! கடைசியில ஒரு இடத்துலயாவது தெரிஞ்சவங்க இருக்காங்க. பூகூடப் போட்டு வெச்சிருக்காங்க!"

மாமி சந்தேகமாகப் பார்த்தார். "அங்க பெரிய குளம் இருக்கே?"

"அது குளிக்கிறதுக்கு மாமி. இது கால் கழுவ."

(குளம் குளிக்கத்தான். அதில் நான் சொன்னது சரி. பாதி சரியாக இருக்கிறவர்களை நிறுத்தவே முடியாது.)

சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிக்கொண்டு, சேறு அப்பிய இரண்டு கால்களையும் உள்ளே வைத்தேன். ஐஸ் மாதிரி குளிர்ச்சி. குதிகாலைக் கல் விளிம்பில் தேய்த்தேன். விரல் இடுக்கை விட்டுவிடுவேனா? அதையும் தேய்த்தேன். செம்மண் கரைந்து தண்ணீர் மாநிறமானது. "வாங்க மாமி, நல்லா இருக்கு" என்று கை நீட்டினேன். மருமகளுக்குக் கோவில் விஷயம் தெரியும் என்று ஊரெல்லாம் பெருமை பேசிய மாமி, என் கையைப் பிடித்துக்கொண்டு வலது காலை உள்ளே வைத்தார்.

அப்போது பக்கத்தில் ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. பூக்கூடை. அதைக் கொண்டுவந்த அர்ச்சகர் வாயைத் திறந்தபடி நின்றார். வயதானவர், ஒல்லியானவர். முதலில் சத்தமே வரவில்லை. வர ஆரம்பித்த பிறகு நிற்கவில்லை. ஒரு சொல்லும் எனக்குப் புரியவில்லை. ஆனால் எட்டு வயதிலிருந்து அந்தக் குரலில் பேசுகிறவள் நான். கால் விஷயமாகத்தான் ஏதோ சொல்கிறார் என்று மட்டும் தெரிந்துவிட்டது. இன்னும் நன்றாகக் கழுவச் சொல்கிறாரோ என்று நினைத்து மறுபடி ஒரு தேய் தேய்த்தேன்.

பழனிச்சாமி படியேறி வந்தார். பார்த்தார். தலையில் கை வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

"என்னங்கம்மா இப்படிப் பண்ணிப்போட்டீங்க! அதுதானுங்க காவேரி!"

"எது?"

"நீங்க நிக்கறீங்களே, அதுதானுங்க. அதுக்குள்ளதான் ஊறுது. பிரம்ம குண்டிகைங்க அது!"

நான் கீழே பார்த்தேன். மாமியும் பார்த்தார். திருச்சிப் பாலத்துக்கு அடியில் பரந்து கிடந்த அவ்வளவு பெரிய காவிரி, என் இரண்டு கால்களுக்கும் மாமியின் ஒரு காலுக்கும் நடுவில் கலங்கிப்போய்க் கிடந்தது.

"போந்தியே!" என்றார் மாமி. கிரியோலில் கடவுளைக் கூப்பிடுகிற சொல். கடவுளின் மேலேயே நின்றுகொண்டு கூப்பிட்டார்.

இரண்டு பேரும் துள்ளி வெளியே வந்தோம். ஒரு தொட்டிக்கு முன்னால் உலகத்தையே அதட்டியவள், உலகத்திலேயே கால் வைக்கக்கூடாத ஒரே தொட்டியில் கால் வைத்துவிட்டேன். வெட்கம், பயம், அழுகை மூன்றும் சேர்ந்து வந்தன. அதைவிட மோசம், மாமியின் முகம். அவர் என்னைப் பார்க்கவில்லை. படியில் இருந்த காலிக் குடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடல் தாண்டி வந்தது அதற்காக. அது நிரம்பாவிட்டால், தான் கட்டப் பாடுபட்ட கோவிலுக்குள் அவர் இனிமேல் போகப்போவதில்லை. எல்லாம் என்னால்.

அர்ச்சகர் பழனிச்சாமியிடம் ஏதோ கேட்டார். யார் செய்தது என்று கேட்கிறார் என்று பழனிச்சாமி சொன்னார். நான் வாயைத் திறப்பதற்குள் மாமி முன்னால் போய் நின்றார்.

"நான்தான். சின்னப் பொண்ணை நான்தான் கூட்டியாந்தேன். என் காலும் உள்ளே இருந்துச்சு. சொல்லுங்க அவர்கிட்ட."

கல்யாணமாகி ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. அதுவரை அவர் எனக்கு மாமியார். அந்த நிமிஷத்திலிருந்து வேறு.

பழனிச்சாமி அதை எப்படிச் சொன்னாரோ, கடல் தாண்டி வந்தவர்கள் என்றதும் அர்ச்சகரின் குரல் கொஞ்சம் இறங்கியது. தீர்ப்பு வந்தது. கலங்கிய தண்ணீர் முழுவதையும் நான் என் கையால் இறைக்க வேண்டும். புதுத் தண்ணீர் ஊறிய பிறகுதான் பூஜை. அதன் பிறகு தண்ணீர் தருவதைப் பற்றி யோசிப்பார். இறைக்க ஒரு சின்னச் செம்பைக் கொடுத்தார்.

முதலில் குளத்தில் மூன்று முழுக்குப் போடச் சொன்னார்கள், போட்டேன். ஈரச் சேலையோடு உட்கார்ந்து இறைக்க ஆரம்பித்தேன். மொள்ளுவேன், ஊற்றுவேன். மொள்ளுவேன், ஊற்றுவேன். மூடுபனி விலகி வெயில் வந்தது. அதற்குள் கணவரும் வந்து சேர்ந்தார், கையில் குடத்துக்கு வாங்கிய கயிறோடு. விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, மரியாதையாகத் தள்ளி நின்று, ஒரு தூணைப் பார்த்தபடி குலுங்கினார். (அழுதாராம். நான் இன்னும் நம்பவில்லை.)

இறைக்க இறைக்கக் கலங்கல் குறைந்தது. ஆனால் தண்ணீர் குறையவில்லை. எவ்வளவு எடுத்தாலும் விளிம்பில் அதே இடத்தில் நின்றது. எனக்குத் தோள் விட்டுப்போனது. ஒழுங்காகச் செய்கிறவள் அல்லவா, அடிவரை காலி செய்யாமல் எழுந்திருக்கக் கூடாது என்று வேகமாக இறைத்தேன். தண்ணீரும் அதற்கேற்ற வேகத்தில் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நான் ஒரு ஆற்றோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அர்ச்சகர் மெதுவாக ஏதோ சொன்னார். பழனிச்சாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"போதும்ங்கறாருங்க. இத்தனை ஜனம் குடிச்சும் தீராதது, நீங்க ஒரு செம்பை வெச்சுக்கிட்டுத் தீத்துப்போடுவீங்களான்னு கேக்கறாருங்க."

தொட்டிக்குள் பார்த்தேன். அடிக்கல் தெரிந்தது. ஒரு துளி மண் இல்லை. நான் அங்கே கால் வைத்ததற்கு அடையாளமே இல்லை. அப்போதுதான் எனக்கு ஓவென்று அழுகை வந்தது. அர்ச்சகர் பூஜை செய்தார். என் தலையில் தண்ணீர் தெளித்தார். பிறகு மாமியின் குடத்தைத் தானே வாங்கி, தானே நிரப்பிக் கொடுத்தார். கிளம்பும்போது என் காலைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். கேலியா, மன்னிப்பா என்று பழனிச்சாமிக்கும் தெரியவில்லை.

மடிகேரியில் குடத்தின் வாயை ஈயம் வைத்து மூடினோம். திரும்பும் கப்பலில் மாமி அதைக் கட்டிக்கொண்டே தூங்கினார். நடந்ததை ஊரில் சொல்ல வேண்டாம் என்று நானும் கணவரும் பேசிவைத்துக்கொண்டோம். மாமி ஒன்றும் சொல்லவில்லை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

கும்பாபிஷேகத்துக்கு முந்தைய நாள் கோவில் வாசலில் ஊர் கூடியிருந்தது. மாமி படிக்கு வெளியே நின்றபடி குடத்தை வைத்தார். சர்தார் வேலாயுதேன் அதைச் சுற்றி வந்தார். ஒரு விரலால் தட்டிப் பார்த்தார்.

"நல்ல குடம். ஆனா எந்தக் குழாயில பிடிச்சதுன்னு யாருக்குத் தெரியும்? கப்பல்லேயேகூடப் பிடிச்சிருக்கலாம். நீங்க அங்க போனீங்கன்னு என்ன அத்தாட்சி?"

அத்தாட்சி எங்கே இருக்கிறது? அங்கே ரசீதா கொடுக்கிறார்கள்? மாமியின் முகம் சிவந்தது. இத்தனை தூரம் போய்வந்தும், கடைசியில் வாசற்படியில் வந்து மாட்டிக்கொண்டார். அவர் திரும்பி என்னைப் பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது. வேண்டாம் மாமி, வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினேன்.

"அத்தாட்சி இருக்கு," என்றார் மாமி. "என் மருமக அதுக்குள்ள கால் கழுவினா."

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். பூவிதழ், குதிகால், விரல் இடுக்கு, ஒன்றையும் விடவில்லை. தன் வலது காலையும் சேர்த்துக்கொண்டார். நான் வாசல் தூணுக்குள் புகுந்துகொள்ள முடியுமா என்று பார்த்தேன்.

மாமி முடித்துவிட்டு, சர்தாரைப் பார்த்துக் கேட்டார். "பொய் சொல்றவங்க இப்படி ஒரு பொய்யைச் சொல்லுவாங்களா?"

சர்தார் குடத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் காலைப் பார்த்தார். கல்யாணமாகி வந்த முதல் வாரமே அவரைத் தொட்டிக்குத் திருப்பி அனுப்பியவள் நான்.

"இது நெசந்தான்," என்றார். "இந்தப் பொண்ணு செய்யக்கூடியதுதான்." சிரிக்க ஆரம்பித்தார். ஊரே சிரித்தது. மாமியும் சிரித்தார். நிமிர்ந்து நடந்து கோவிலுக்குள் போனார்.

மறுநாள் அந்தத் தண்ணீரில்தான் கும்பாபிஷேகம். தீர்த்தம் கொடுத்தபோது முதல் கை சர்தாருடையது. உள்ளங்கையில் இருந்த தண்ணீரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். அவருக்குப் பின்னால் கான் தெ மாஸ்க் முழுவதும் வரிசையில் நின்று குடித்தது.

பின்னாளில் நான் அந்த ஊர்ப் பள்ளியில் தமிழ் வகுப்பு எடுத்தேன். பிள்ளைகள் பெற்றேன், பேரன் பேத்திகளும் வந்தாயிற்று. கதை அவர்களிடம் வளர்ந்துகொண்டே போகிறது. சின்னப் பேத்தியின் கணக்குப்படி நான் அங்கே நீச்சலடித்தேன், சோப்பும் போட்டேன். என் கணவரோ, வீட்டில் நடக்கும் ஒவ்வொரு வாக்குவாதத்தையும் இன்றுவரை ஒரே மாதிரிதான் முடிக்கிறார். தோற்கப்போகிறோம் என்று தெரிந்ததும் இரண்டு கையையும் தூக்கி, வந்திருக்கும் விருந்தாளிகளிடம் சொல்வார்:

"இவளை எதிர்த்து நான் என்ன பேசறது? இந்த ஊர்ல எல்லாருமே இவ கால் கழுவின தண்ணியைக் குடிச்சவங்கதான்."